பூட்டி வைத்த பேக்கேஜ்களின் கணக்கு

இரவு முழுவதும் ஓட வேண்டிய ஒரு கணக்கீட்டு வேலையை மாலையில் தொடங்கிவிட்டுத் தூங்கப் போனேன். அது ஏழு கட்டங்களாகப் பிரிந்த வேலை. ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்த கட்டத்துக்கான நிரல் தானாகவே தொடங்கும்படி எழுதியிருந்தேன். காலையில் வந்து பார்த்தபோது நான்காவது கட்டம் ஒழுங்காக முடிந்திருந்தது. ஐந்தாவது கட்டம் தொடங்கிய நொடியிலேயே நின்று போயிருந்தது. கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் ஒரு பதிப்பிலும், மற்ற நிரல்கள் அதனோடு பேச உதவும் லைப்ரரி வேறொரு பதிப்பிலும் இருப்பதாகத் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. நான் எதையும் தொட்டிருக்கவில்லை. கணினிக்குள் வேறு யாரும் நுழைந்ததற்கான தடமும் இல்லை.

வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி என்ற பெயரில் இருக்கும் பதிவுக் கோப்பைத் திறந்ததும் விடை கிடைத்தது. காலை ஆறு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் அனட்டெண்டட்-அப்கிரேட் என்ற தானியங்கி நிரல் டிரைவர் பேக்கேஜ்களை, அதாவது டிரைவரை நிறுவுவதற்கான மென்பொருள் பொதிகளை, அடுத்த பதிப்புக்கு உயர்த்தியிருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்த உபுண்டு போன்ற இயங்குதளங்களில் இந்த வேலையை எழுப்பும் டைமர் காலை ஆறு மணிக்கு அமைக்கப்பட்டிருக்கும். எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் பேக்கேஜ்கள் கிடைக்கும் இணையக் களஞ்சியங்களை மொய்த்துவிடக் கூடாது என்பதற்காக அதோடு ஒரு மணி நேரம் வரை தற்செயலான தாமதமும் சேர்க்கப்படும். வட்டில் இருந்த லைப்ரரி புதியதாகிவிட்டது. ஆனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்த டிரைவர் மாட்யூல் பழையதாகவே இருந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நான்காவது கட்டம் பழைய லைப்ரரியைத் தன் நினைவகத்தில் பிடித்து வைத்திருந்ததால் தப்பித்தது. புதிதாகத் தொடங்கிய ஐந்தாவது கட்டம் புதிய லைப்ரரியோடு பழைய மாட்யூலிடம் பேசப் போய் மாட்டிக்கொண்டது. கணினியை அணைத்து எழுப்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது, ஓர் இரவின் வேலையைத் தவிர.

அன்றைக்கே அந்த டிரைவர் பேக்கேஜைப் பதிப்பு தானாக மாறாதபடி பூட்டினேன். பூட்டுவது எவ்வளவு எளிது என்பதும், பூட்டியதாக நாம் நினைப்பதற்கும் உண்மையில் பூட்டப்பட்டதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதும் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தன.

டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கருவி ஆப்ட். அதில் பூட்டுவதற்கான கட்டளை ஆப்ட்-மார்க் ஹோல்ட். அதன் பின்னால் பேக்கேஜின் பெயர். திறப்பதற்கு அன்ஹோல்ட், பூட்டியவற்றைப் பார்க்க ஷோஹோல்ட். இந்தக் கட்டளை உள்ளே என்ன செய்கிறது என்பதை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. ஆப்டுக்கு அடியில் நிறுவலைச் செய்யும் டிபிகேஜி தன் பேக்கேஜ்களின் நிலையை எழுதி வைக்கும் ஸ்டேட்டஸ் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு வரி இருக்கும். வழக்கமாக அதில் ‘இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்ட்’ என்ற மூன்று சொற்கள் காணப்படும். முதல் சொல் நிர்வாகியின் விருப்பம், இரண்டாவது பிழை ஏதும் உண்டா என்ற குறிப்பு, மூன்றாவது பேக்கேஜின் உண்மையான நிலை. நாம் பூட்டும்போது முதல் சொல் மட்டும் ‘ஹோல்ட்’ என்று மாறுகிறது. அவ்வளவுதான். எந்தக் கோப்பும் எழுத முடியாதபடி மாற்றப்படுவதில்லை; எந்தத் தடையும் வட்டில் எழுப்பப்படுவதில்லை. டிபிகேஜி -எல் என்று பட்டியல் எடுத்தால், மற்ற பேக்கேஜ்களின் ஓரத்தில் ‘ஐஐ’ என்று இருக்கும் இடத்தில் பூட்டப்பட்டதற்கு ‘எச்ஐ’ என்று இருக்கும்.

அது விருப்பம் மட்டுமே என்பதால், அதற்கு முரணான வேறொரு விருப்பத்தை நாம் வெளிப்படையாகத் தெரிவித்தால் பூட்டு வழிவிடும். டெபியன் பேக்கேஜின் வடிவமான டெப் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி டிபிகேஜி -ஐ என்று நேரடியாக நிறுவினால், பேக்கேஜ் பூட்டியிருந்தாலும் நிறுவப்பட்டுவிடும். ஆப்ட் இன்ஸ்டால் என்று பெயர் சொல்லிக் கேட்டால், பூட்டப்பட்ட பேக்கேஜ் மாறப் போகிறது என்று எச்சரித்துவிட்டு ஒப்புதல் கேட்கும். கேள்வி கேட்காதே என்ற -ஒய் விருப்பத்தோடு ஸ்கிரிப்டிலிருந்து அழைத்தால் மட்டும், பூட்டியதை மாற்றுவதற்கான தனி அனுமதி தரப்படவில்லை என்று கூறி முழுதாக நின்றுவிடும். தானாக நடக்கும் மாற்றங்களைத் தடுப்பதற்காகவே இந்தப் பூட்டு செய்யப்பட்டிருக்கிறது. மனிதரின் கையை அது தடுப்பதில்லை. என் கணக்குக்கு அதுதான் தேவைப்பட்டது என்பதால் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி சில வாரங்களே நீடித்தது. டிரைவரைப் பூட்டிய கையோடு கெர்னலையும் பூட்டியிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைச் சொல்லும் யூநேம் -ஆர் கட்டளை காட்டிய முழுப் பெயரை அப்படியே எடுத்து, 5.15.0 என்று தொடங்கி ஜெனரிக் என்று முடியும் அந்த நீண்ட பெயருக்கு முன்னால் லினக்ஸ்-இமேஜ் என்று சேர்த்து ஹோல்ட் போட்டேன். ஷோஹோல்ட் பட்டியலில் அது அழகாகத் தெரிந்தது. ஆனால் ஒருநாள் கணினியை மீண்டும் எழுப்பியபோது புதிய கெர்னலோடு எழுந்தது; பழைய டிரைவரின் மூல நிரலைப் புதிய கெர்னலுக்கு ஏற்ப டிகேஎம்எஸ் என்ற கருவி தொகுக்க முயன்று தோற்றிருந்தது. திரை தெளிவற்ற பெரிய எழுத்துகளோடு வந்து நின்றது.

இந்தத் தவறை நான் மட்டும் செய்ததாகத் தெரியவில்லை, பலர் இதே இடத்தில் வழுக்கியிருப்பார்கள். டெபியன் குடும்பத்தில் புதிய கெர்னல் என்பது பழைய கெர்னல் பேக்கேஜின் மேம்பட்ட பதிப்பாக வருவதில்லை. எண் மாறும்போது பேக்கேஜின் பெயரே மாறிவிடுகிறது; புதிய பெயரில் புதிய பேக்கேஜாகப் பழையதன் அருகிலேயே அது நிறுவப்படுகிறது. ஏதாவது கோளாறு என்றால் பழைய கெர்னலோடு எழுந்துகொள்ள முடிவது இந்த ஏற்பாட்டால்தான். அப்படியானால் புதிய பெயரைக் கொண்டுவருவது எது? லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் போன்ற மெட்டா பேக்கேஜ். அதற்குள் கோப்பு எதுவும் கிடையாது; ‘இன்றைய கெர்னல் இன்னது’ என்ற சார்பு வரி, அதாவது கூடவே எதை நிறுவ வேண்டும் என்ற குறிப்பு, மட்டுமே இருக்கும். அந்த வரி மாறும்போது புதிய கெர்னல் பின்னாலேயே வந்துவிடும். நான் பூட்டியது, யாரும் எப்போதும் மாற்றப்போகாத ஒரு பெயரை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்த கதை அது. பூட்டியிருக்க வேண்டியது லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், இரண்டையும் சேர்த்து இழுக்கும் லினக்ஸ்-ஜெனரிக் ஆகிய மெட்டா பேக்கேஜ்களை.

அதன் பிறகு எந்தப் பூட்டைப் போட்டாலும் உடனே ஆப்ட்-கெட் -எஸ் அப்கிரேட் என்று ஒத்திகை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். -எஸ் என்ற விருப்பம் எதையும் நிறுவாமல், நிறுவினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அச்சிடும். கூடவே டிஸ்ட்-அப்கிரேடையும் ஒத்திகை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆப்ட்-கெட் அப்கிரேட் புதிய பெயர் கொண்ட பேக்கேஜ்களை நிறுவாது. சுருக்கமான ஆப்ட் அப்கிரேட் நிறுவும், ஆனால் இருப்பவற்றை நீக்காது. டிஸ்ட்-அப்கிரேட் இரண்டையும் செய்யும். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பூட்டு வேலை செய்கிறது என்று முடிவு கட்டினால், நான் கெர்னலில் கட்டிய அதே கோட்டையைக் கட்டுகிறோம் என்று பொருள்.

ஒத்திகையின் வெளியீட்டில் ‘கெப்ட் பேக்’ என்ற தலைப்பின் கீழ் சில பெயர்கள் வரும். அவை எல்லாம் நாம் பூட்டியவை என்று எண்ணிவிடக் கூடாது. புதிய சார்பு ஒன்று தேவைப்படுவதாலோ வேறொன்றை நீக்க வேண்டியிருப்பதாலோ ஒரு பேக்கேஜ் அங்கே நிற்கலாம். உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து, ஒரு புதுப்பிப்பை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகப் பரப்பும் முறையை ஆப்டே கடைப்பிடிக்கிறது. நம் முறை வரும்வரை அந்தப் பேக்கேஜும் அதே தலைப்பின் கீழ்தான் நிற்கும். இதைவிடக் குழப்பமானது, சார்புச் சிக்கல் எதையும் தீர்க்க முடியாதபோது ஆப்ட் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ‘யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’ என்ற பிழைச் செய்தி. அதைப் பார்த்துப் பதறி ஷோஹோல்ட் போட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு வெற்றுப் பட்டியல்தான் கிடைத்திருக்கும். ஹெல்ட் என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தவர் எத்தனை பேரின் மாலைப் பொழுதைத் தின்றிருக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஹோல்ட் ஒரு முரட்டுக் கருவி. ‘இந்தப் பேக்கேஜ் அசையக் கூடாது’ என்பதைத் தவிர வேறு எதையும் அதனிடம் சொல்ல முடியாது. ஆனால் நமக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் அதுவல்ல. ‘15ஆம் வரிசைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நகரட்டும், 16க்குப் போக வேண்டாம்’ என்பதுதான் வேண்டியதாக இருக்கும். அதற்குத்தான் பின்னிங்; பதிப்புக்கு நாம் எழுதி வைக்கும் நிபந்தனைதான் ‘பின்’. ஈடிசி அடைவில் ஆப்ட், அதற்குள் பிரிஃபரன்சஸ்.டி என்ற அடைவில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி மூன்று வரிகள் எழுத வேண்டும். முதல் வரியில் பேக்கேஜின் பெயர், இரண்டாவது வரியில் ‘வெர்ஷன் 15.*’ என்பது போன்ற நிபந்தனை, மூன்றாவது வரியில் முன்னுரிமை எண்.

எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. களஞ்சியத்தில் இருக்கும் ஒரு சாதாரணப் பதிப்புக்கு இயல்பாக 500. ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் பதிப்புக்கு 100. இலக்கு வெளியீடு என்று நாம் குறிப்பிட்டதற்கு 990. நாம் எழுதும் எண் மற்றவற்றைவிட உயர்வாக இருந்தால் நாம் சொன்ன பதிப்பு வேட்பாளராகும். 1000 அல்லது அதற்கு மேல் கொடுத்தால், நிறுவப்பட்டிருப்பது அதைவிடப் புதியதாக இருந்தாலும் பின்னோக்கி இறக்கிக்கொண்டு போகும். எதிர்ம எண் கொடுத்தால் அந்தப் பதிப்பு நிறுவப்படவே முடியாது. ஆப்ட்-கேஷ் பாலிசி என்ற கட்டளை இந்தக் கணக்கின் முடிவைக் காட்டும்: நிறுவப்பட்டிருப்பது எது, அடுத்து வரக்கூடிய வேட்பாளர் எது, ஒவ்வொரு பதிப்புக்கும் என்ன எண். நிறுவப்பட்ட பதிப்பின் பக்கத்தில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். பின் எழுதிய பிறகு இந்த வெளியீட்டைப் பார்க்காமல் எழுந்து போவது கடிதம் எழுதிவிட்டு அஞ்சல்தலை ஒட்டாமல் போவது போன்றது.

பார்த்தால்தான் தெரியும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் முதல் பின் கோப்புக்குக் ‘கான்ஃப்’ என்ற பின்னொட்டு வைத்திருந்தேன். அந்த அடைவில் பின்னொட்டு இல்லாத கோப்புகளும் ‘பிரெஃப்’ என்ற பின்னொட்டு கொண்ட கோப்புகளும் மட்டுமே படிக்கப்படும். பின்னொட்டு தவறு என்பதால் கோப்பைப் புறக்கணிப்பதாக ஒரு சிறு குறிப்பு வெளியீட்டின் கடைசியில் வந்திருந்தது. பிழை என்று சிவப்பாக வந்திருந்தால் பார்த்திருப்பேன், குறிப்பு என்பதால் கண் கடந்து போய்விட்டது. இரண்டாவது கண்ணி, பதிப்பு எண்ணுக்கு முன்னால் வந்து ஒப்பீட்டில் முதலில் பார்க்கப்படும் எபோக் என்ற எண். டாக்கர் என்ற மென்பொருளின் டெப் பேக்கேஜ்களில் பதிப்பு எண் 24.0.7 என்று தொடங்காது; 5 என்ற எண்ணும் முக்காற்புள்ளியும் முன்னால் நின்று, அதன் பிறகுதான் 24 வரும். பின் கோப்பில் ‘24.0.*’ என்று எழுதினால் எதோடும் பொருந்தாது, எந்தப் புகாரும் வராது. ‘5:24.0.*’ என்று எழுத வேண்டும்.

இந்த எபோக் என்பது பதிப்பு எண்களின் ஒப்பீட்டையே தலைகீழாக்கக் கூடியது. உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் களஞ்சியத்தில் இருக்கும் டெப் பேக்கேஜ் உலாவி அல்ல. ஸ்னாப் என்ற வேறொரு பேக்கேஜ் வடிவத்தில் உலாவியை நிறுவச் செய்யும் ஒரு கைகாட்டி மரம். அதன் பதிப்பு எண் ஒன்று, முக்காற்புள்ளி, பிறகு ‘1ஸ்னாப்1’ என்று போகும். முன்னால் நிற்கும் அந்த 1 எபோக் என்பதால், மொசில்லா தன் சொந்தக் களஞ்சியத்தில் தரும் உண்மையான உலாவியின் பதிப்பு எண் நூறைத் தாண்டியிருந்தாலும் ஆப்டின் கண்ணுக்கு அது பழையதாகவே தெரியும். அதனால்தான் மொசில்லா தரும் நிறுவல் வழிகாட்டியில், தன் களஞ்சியத்துக்கு 1000 என்ற முன்னுரிமை கொடுக்கும் மூன்று வரிகள் இடம்பெறுகின்றன. 999 கொடுத்தால் கைகாட்டி மரம் ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினியில் அது போதாது. எதிர்ம எண்ணின் பயனைக் காட்டவும் இதே துறையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: 2020 ஜூனில் வந்த லினக்ஸ் மின்ட் 20, ‘நோஸ்னாப்.பிரெஃப்’ என்ற கோப்பைத் தன்னோடு சேர்த்தே தந்தது. ஸ்னாப்களை நிர்வகிக்கும் ஸ்னாப்டி என்ற பேக்கேஜ் வேறு எதன் சார்பாகவும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடாமல் அது தடுக்கிறது.

தானியங்கி மேம்படுத்தலை மட்டும் தடுத்துவிட்டு, நாமே கையால் செய்யும்போது எல்லாம் நகரட்டும் என்று விரும்பினால், பூட்டும் பின்னும் தேவையில்லை. அனட்டெண்டட்-அப்கிரேட்ஸின் அமைப்புக் கோப்பில் தடைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் எழுதப்படுபவை வெறும் பெயர்கள் அல்ல, ஒழுங்குத் தொடர்கள். பெயரின் தொடக்கத்திலிருந்து பொருந்துபவை எல்லாம் அகப்படும். ‘லிப்சி6’ என்று எழுதினால் ‘லிப்சி6-டெவ்’ என்பதும் சேர்ந்து நின்றுவிடும். அது மட்டும் போதும் என்றால் முடிவில் டாலர் குறி வைக்க வேண்டும். என் இரவுக் கணக்கீட்டுக்கு முதலிலேயே இதைச் செய்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் அடங்கிய ஆர்பிஎம் குடும்பத்தில் இதே வேலைக்கு, டிஎன்எஃப் என்ற பேக்கேஜ் மேலாளரின் வெர்ஷன்லாக் செருகுநிரல் இருக்கிறது; ஃபெடோரா 41 முதல் இயல்பாக வரும் ஐந்தாம் தலைமுறை டிஎன்எஃபிலும் அதே கட்டளை உண்டு, பட்டியலை எழுதி வைக்கும் கோப்பின் வடிவம்தான் மாறியிருக்கிறது. அதைவிடப் பழைய வழி, அமைப்புக் கோப்பிலோ தனியொரு களஞ்சியத்தின் கோப்பிலோ எக்ஸ்குளூட் என்ற வரியை எழுதுவது. இரண்டிலும் எனக்கு உறுத்தும் ஒன்று அவற்றின் மௌனம். பூட்டிய பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு காத்திருக்கிறது என்று ஆப்ட் ஒவ்வொரு முறையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். டிஎன்எஃபிலோ விலக்கப்பட்ட பதிப்புகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகின்றன. செக்-அப்டேட் கேட்டால் புதியது எதுவும் இல்லை என்பது போலவே இருக்கும். ஒரு வருடம் கழித்து இன்னொருவர் அந்தக் கணினியைப் பொறுப்பேற்றால், எக்ஸ்குளூட் வரியைத் தற்செயலாகக் கண்ணால் பார்க்கும்வரை அவருக்கு எதுவும் தெரியாது.

சூசே லினக்ஸின் பேக்கேஜ் மேலாளரான ஸிப்பரில் ஆட்லாக் என்ற கட்டளை. அங்கே பூட்டு என்றால் இருக்கும் நிலையிலேயே உறைய வைப்பது என்று பொருள், நிறுவப்படாத பேக்கேஜைப் பூட்டினால் அது நிறுவப்படாமலேயே இருக்கும். ஆல்பைனின் ஏபிகேயில் வேர்ல்டு என்ற கோப்பில் பெயருக்குப் பக்கத்திலேயே பதிப்பு நிபந்தனையையும் எழுதிவிடலாம். நான் பார்த்தவற்றில் நேர்மையான வடிவம் அதுதான், ஏனென்றால் விருப்பமும் நிபந்தனையும் ஒரே வரியில் கண்முன் இருக்கின்றன. ஆர்ச்சின் பேக்மேனில் இக்னோர்பேக்கேஜ் என்ற வரி உண்டு. ஆனால் இடைவிடாமல் நகரும் இயங்குதளத்தில் ஒன்றை மட்டும் நிறுத்தி வைப்பது, ஓடும் தேரில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் முட்டுக்கட்டை போடுவது போலாகும். லைப்ரரி ஒன்றை நிறுத்தி வைத்தால், அதன் புதிய வடிவத்தை எதிர்பார்த்துத் தொகுக்கப்பட்டு வரும் மற்ற நிரல்கள் தொடங்கவே மறுக்கும். பகுதி மேம்படுத்தலை ஆதரிப்பதில்லை என்று ஆர்ச் தன் ஆவணங்களில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஸ்னாப் பேக்கேஜ்கள் இயல்பாக நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடும். அதை விரும்பிய காலம்வரை நிறுத்தும் ‘ரிஃப்ரெஷ் ஹோல்ட்’ வசதி ஸ்னாப்டியின் 2.58 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் தள்ளிப்போட மட்டுமே முடியும், முழுதாக நிறுத்த முடியாது.

பூட்டுவதற்கு நியாயமான காரணம் எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது, பல கணினிகளில் ஓடும் நிரல்களை ஒன்றாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை. குபெலெட், குபெஅட்மின், குபெசிடிஎல் ஆகிய மூன்றையும் நிறுவியவுடன் ஹோல்ட் போடும்படி அதன் நிறுவல் ஆவணமே சொல்கிறது. ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் குபெலெட், மையத்தில் இருக்கும் ஏபிஐ சர்வரைவிடப் புதியதாக இருக்கக் கூடாது; பழையதாக இருக்கலாம், 1.28 முதல் மூன்று சிறு பதிப்புகள்வரை பின்தங்கியிருக்கலாம். எனவே முதலில் மையம், பிறகு மற்றவை என்ற வரிசையில்தான் மேம்படுத்த வேண்டும். காலை ஆறு மணிக்கு எழும் டைமருக்கு இந்த வரிசை தெரியாது. இங்கே மேம்படுத்தல் தவிர்க்கப்படவில்லை. அது நடக்க வேண்டிய முறை வேறு என்பதால் தானியங்கியின் கையிலிருந்து எடுக்கப்படுகிறது.

அப்படிப்பட்ட காரணம் இல்லாமல் போடப்படும் பூட்டுகளின் விலையைப் புரிந்துகொள்ள 2014 ஏப்ரல் 7க்குப் போக வேண்டும். அன்றுதான் இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் அது இருந்தது, 1.0.1ஜி என்ற பதிப்பில் அடைக்கப்பட்டது. ஆனால் டெபியனின் அப்போதைய நிலையான வெளியீடான வீஸி, 1.0.1ஜிக்குப் போகவே இல்லை. தன்னிடம் இருந்த 1.0.1ஈயிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி, ‘1.0.1ஈ-2+டெப்7யு5’ என்ற எண்ணோடு வெளியிட்டது. நிலையான வெளியீடுகள் செயல்படும் முறையே இதுதான்: மூல மென்பொருளின் எண் மாறாது, வாலில் இருக்கும் எண் மட்டும் நகரும், பாதுகாப்பு முழுவதும் அந்த வாலில்தான் வரும். பெயரைச் சொல்லி ஹோல்ட் போட்டவர் வாலையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார். ‘1.0.1*’ என்று பின் எழுதியவருக்கோ அன்று இரவே திருத்தம் வந்து சேர்ந்திருக்கும். இரண்டு பேரும் விரும்பியது ஒன்றுதான், புதிய வரிசைக்குப் போக வேண்டாம் என்பதுதான். ஒருவர் மட்டும் கதவோடு சன்னலையும் அடைத்துவிட்டார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஹார்ட்பிளீட் வெளிவந்த நாளில், இன்னும் 0.9.8 வரிசையிலேயே இருந்த பழைய டெபியன் ஸ்க்வீஸ் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்டை அந்த வரிசைக்குப் பிறகு வந்தது என்பதால். பத்து ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவைச் செருகியிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்ததில் அவருக்குக் கிடைத்தது அது. டெபியனின் நிலையான வெளியீட்டில் 5.4 வரிசையே இருந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பினார்கள். புதியதை ஓடி ஓடிப் பிடித்த, டெபியனின் அன்ஸ்டேபிள் என்ற வளர்ச்சிக் கிளையினர் மாட்டினார்கள்.

அன்ஸ்டேபிள் கிளைக்கு அனுப்பப்பட்ட திருத்தத்தின் எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வந்தன: ‘5.6.1+ரியலி5.4.5-1’. பேக்கேஜ் மேலாளர்கள் எண் குறையும் திசையில் தாமாக நகர்வதில்லை என்பதால், உள்ளே இருப்பது 5.4.5 என்றாலும் வெளியே 5.6.1ஐவிடப் பெரியதாகத் தெரிய வேண்டியிருந்தது. ‘உண்மையில்’ என்ற சொல்லையே பதிப்பு எண்ணுக்குள் வைத்து, ஊரறிய ஒரு பொய்யைச் சொல்லிப் பிழைகளைத் தவிர்ப்பது டெபியனின் பழைய வழக்கம். அந்த வாரத்தில் 5.6.1இல் ஹோல்ட் போட்டிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பின்கதவைப் பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருப்பார்.

ஆகவே பழையதாக இருப்பது நல்லதா, புதியதாக இருப்பது நல்லதா என்ற கேள்விக்குள் நான் போவதில்லை. நான் பார்த்த வரையில் பூட்டினால் கெட்டுப்போனவை எல்லாம், எதற்காகப் பூட்டினோம் என்பது மறந்துபோனதால் கெட்டவை. ஆப்டின் ஹோல்ட், காரணத்தை எழுதி வைக்க இடம் தருவதில்லை, தேதியையும் வைத்துக்கொள்வதில்லை. ஸ்டேட்டஸ் கோப்பில் ஒரு சொல் மாறியிருக்கும், அவ்வளவே. பின் கோப்பில் குறிப்புரை எழுத முடியும் என்பதே நான் இப்போது பெரும்பாலும் பின்னிங்கையே நாடுவதற்கு இரண்டாவது காரணம்.

இதற்கு ஓர் அழகான விடையை டெபியனின் ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற சிறு கருவியில் பார்த்தேன். ஒரு பேக்கேஜை நிறுவுவதற்கு முன், அந்தப் பதிப்பில் கடுமையான பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று அது டெபியனின் பிழைப் பட்டியலில் தேடும். இருந்தால் சொல்லி, வேண்டுமானால் அந்தப் பேக்கேஜைப் பின் செய்யட்டுமா என்று கேட்கும். அதோடு நின்றுவிடுவதில்லை. நாள்தோறும் ஓடும் ஒரு சிறு வேலை அந்தப் பிழை தீர்ந்துவிட்டதா என்று பார்த்து, தீர்ந்திருந்தால் தான் எழுதிய பின்னைத் தானே அழித்துவிடுகிறது. காரணத்தோடு பிறந்து, காரணம் போனதும் போய்விடும் பூட்டு அது.

என் கணினிகளில் அவ்வளவு நேர்த்தி இல்லை. ஒரு சாதாரண உரைக் கோப்பு வைத்திருக்கிறேன். பேக்கேஜின் பெயர், பூட்டிய நாள், ஏன் பூட்டினேன் என்ற ஒரு வரி, எது நடந்தால் திறக்கலாம் என்ற இன்னொரு வரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், ஷோஹோல்ட் தரும் பட்டியலை இந்தக் கோப்போடு ஒப்பிட்டு, கோப்பில் இல்லாத பூட்டு ஏதேனும் இருந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். சென்ற மாதம் அப்படி ஒரு பெயர் வந்தது. படங்களைச் சுருக்கும் ஒரு லைப்ரரி. நான்தான் பூட்டியிருக்க வேண்டும், வேறு யாருக்கும் அந்தக் கணினியில் அனுமதி இல்லை. எதற்காக என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பழைய பதிவுக் கோப்புகளைத் துழாவினேன். ஹோல்ட் போடுவது நிறுவலாகக் கணக்கில் வராது என்பதால் ஹிஸ்டரியில் ஒரு தடமும் இல்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு அன்ஹோல்ட் கொடுத்தேன், ஒத்திகை பார்த்தேன், மேம்படுத்தினேன். பதினொரு பாதுகாப்புத் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாகில் வரிசை கட்டி நின்றன. அதைச் சார்ந்த நிரல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்; எல்லாம் ஓடின.

பட்டியலில் இப்போது இரண்டு பெயர்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அந்த டிரைவர். திறக்கும் நிபந்தனை என்ற இடத்தில், ‘இரவு வேலை எதுவும் ஓடாத ஞாயிற்றுக்கிழமை, மேம்படுத்தியதும் மறுதொடக்கம்’ என்று எழுதியிருக்கிறேன்.